பிசிஷியன் அசிஸ்டென்டின் அம்மா

முகேஷ் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குத்தான் மகாதேவி அந்தப் படிப்பின் பெயரையே முதல்முதலாகக் கேள்விப்பட்டாள்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் பன்னிரண்டு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி அது. டாக்டர் செல்வமுருகன் சொந்தமாக நடத்துவது. மகாதேவி அங்கே சேர்ந்து அப்போது பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. காயத்துக்குக் கட்டுப் போடுவாள், ஊசி போடுவாள், ட்ரிப் ஏற்றுவாள், பிரசவத்துக்குக் கூட நிற்பாள். மேல்மலைக் கிராமங்களிலிருந்து வருகிற சனங்கள் அவளை நர்சம்மா என்றுதான் கூப்பிடும். சம்பளப் பதிவேட்டில் மட்டும் அவள் பெயருக்கு எதிரே 'உதவியாளர்' என்று இருக்கும்.

கொரோனா வருவதற்குச் சற்று முன்னால், ஒரு மாசி மாதக் காலையில், டாக்டர் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்து எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். இருபத்திரண்டு வயசு இருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு.

"இவர் முகேஷ். பிசிஷியன் அசிஸ்டென்ட். கேஸ் வந்தா முதல்ல இவர் பார்த்து, விவரம் கேட்டு ஷீட் எழுதிருவாரு. அப்பறம் நான் பார்ப்பேன். ஆபரேஷன்ல எனக்கு எதிர்ப்பக்கம் இவர் நிப்பாரு."

எதிர்ப்பக்கம் என்றதும் மகாதேவி நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருஷமாக அந்த இடத்தில் நின்றது அவள். கத்தரிக்கோலா, இடுக்கியா என்று டாக்டர் வாயைத் திறக்குமுன் எடுத்து நீட்டியவள் அவள்.

அன்றைக்கு மத்தியானம் டீ கொண்டுபோய் வைக்கிறபோது கேட்டுவிட்டாள். "சார், அந்தத் தம்பி என்ன சார் படிச்சிருக்கு?"

"பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட்னு ஒரு டிகிரி இருக்கு. மூணு வருஷம் காலேஜ், நாலாவது வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியில பயிற்சி. டாக்டர் மாதிரி தனியா மருந்து எழுத முடியாது. டாக்டர் மேற்பார்வையில எல்லாம் செய்யலாம்."

"அதுக்கு நீட் எழுதணுமா சார்?"

"வேண்டாம். பிளஸ் டூ மார்க்கை வச்சு கவுன்சிலிங். ஆனா பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் படிச்சிருக்கணும்."

மகாதேவி போகாமல் நின்றாள். "நான் படிக்க முடியுமா சார்?"

டாக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புத்தான். "பிளஸ் டூல நீ என்ன குரூப்?"

"நர்சிங் குரூப் சார்."

"அது தொழில்கல்விப் பிரிவுல்ல? அதுல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி கெடையாதேம்மா."

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மகாதேவிக்குச் சொந்த ஊர் கிளாவரை. கேரள எல்லையை ஒட்டிய கடைசி ஊர். அப்பாவுக்கு மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் வெள்ளாமை. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்ததால், கொடைக்கானலில் ஆஸ்டலில் சேர்த்துப் பதினொன்றாம் வகுப்புக்கு விட்டார்கள். எந்த குரூப் வேண்டும் என்று வாத்தியார் கேட்டபோது, பலகையில் எழுதியிருந்ததை வாசித்துப் பார்த்தாள். நர்சிங் என்று ஒன்று இருந்தது. நர்சாக வேண்டும் என்பவள் நர்சிங்கைத்தானே எடுப்பாள். பக்கத்து வரியில் இருந்த பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி என்பதற்கும் ஆஸ்பத்திரிக்கும் சம்பந்தம் உண்டு என்று அந்த ஊரிலிருந்து வந்த பதினைந்து வயசுப் பிள்ளைக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

2004இல் பிளஸ் டூ முடித்தாள். பள்ளிக்கூடத்தில் இரண்டாவதாக வந்தாள். அந்த ஆவணியிலேயே பழனிக்குமாருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவன் காய்கறி லாரி ஓட்டுகிறவன், மன்னவனூரிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு அடிப்பான். நல்லவன். மறுவருஷம் ரம்யா பிறந்தாள். ரம்யாவுக்கு மூன்று வயசானபோது மகாதேவி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

முகேஷ் வந்த அந்த வருஷம் ரம்யா பத்தாம் வகுப்பு. பதினொன்றாம் வகுப்புக்குச் சேர்க்கப் போனபோது மகாதேவி யாரையும் பேச விடவில்லை. "சயின்ஸ் குரூப்பு. பயாலஜி உள்ளது. வேற எதையும் எழுதாதீங்க" என்று தலைமையாசிரியர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். ரம்யாவுக்கு அப்போது கணக்கில்தான் ஆசை. அம்மா சொன்னதால் இதில் சேர்ந்தாள்.

ஆக, மகளை அந்தப் பாதையில் ஏற்றிவிட்டதே மகாதேவிதான். பிறகு தனக்குள் வந்த எரிச்சலை அவளாலேயே நம்ப முடியவில்லை.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஒரு நாள் ரம்யா பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கான விளக்கக் கையேட்டைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள். மகாதேவி அடுப்பில் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"டிசம்பர் முப்பத்தொண்ணுக்குள்ள பதினேழு வயசு முடிஞ்சிருக்கணும். எனக்கு முடிஞ்சிரும். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இல்லாட்டி பாட்டனி, சுவாலஜி. இருக்கு. ஆறாவதுலேர்ந்து தமிழ்நாட்டுலயே படிச்சிருந்தா இருப்பிடச் சான்று வேண்டாம். சாதிச் சான்றிதழ் இருக்கு. முதல் பட்டதாரிச் சான்றிதழ்... அம்மா, நம்ம வீட்டுல யாரும் டிகிரி முடிக்கலைல்ல?"

"இல்ல."

"அப்ப அதும் கெடைக்கும்!"

இருக்கு, இருக்கு என்று அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் மகாதேவிக்குக் குத்தியது. அவளுக்கு ஒன்றுகூட இல்லை. வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்பதுகூட மகளுக்குச் சலுகையாகப் போய்விட்டது. டிகிரி முடிக்காதவள் இங்கே கரண்டியோடு நிற்கிறாள்.

"ரத்தத்தப் பார்த்தாலே உனக்கு மயக்கம் வரும். போன வருஷம் கோழி அறுக்கையில ஓடிப்போய் ஒளிஞ்ச" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

"அது கோழி பாவம்னு ஓடுனேன்மா."

"பி.காம் படி. பேங்க்ல உக்காரலாம்."

ரம்யா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷமாக சயின்ஸ், சயின்ஸ் என்று தொண்டை கிழியக் கத்தியவளா இப்படிப் பேசுகிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. பழனிக்குமார்தான், "எதுக்குடி பிள்ளையக் குழப்புற? அவ இஷ்டம் படிக்கட்டும்" என்று முடித்துவைத்தான். விண்ணப்பம் போட்டார்கள்.

கவுன்சிலிங்குக்கு முன்னால் மகாதேவி ஒரு காரியம் செய்தாள். இன்றைக்கும் அதை நினைத்தால் அவளுக்கு முகம் சுருங்கும்.

அடுக்கத்திலிருந்து ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வெள்ளனே காப்பித் தோட்டத்துக்குப் போன இடத்தில் காட்டுமாடு குத்திவிட்டது. தொடை கிழிந்து சதை தொங்கியது. வலி தாங்காமல் கூரை அதிரக் கத்திக்கொண்டிருந்தான். மகாதேவி வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டாள். "ரம்யா, என் கண்ணாடிய மறந்து வச்சிட்டு வந்துட்டேன். வெரசா எடுத்துட்டு வா."

கண்ணாடி அவள் கைப்பையில்தான் இருந்தது.

ரம்யா மூச்சிரைக்க வந்து, வீட்டில் கண்ணாடியைக் காணோம் என்றாள். மகாதேவி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "வந்ததுதான் வந்த, பாரு. இதத்தான் தினமும் பார்க்கணும். நல்லாப் பாத்துக்க."

ரம்யா பார்த்தாள். முகம் வெளுத்துப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். மகாதேவிக்கு அப்போது வந்ததைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். விழுவாள், இப்போது விழுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஆள் காலை உதறிக்கொண்டே இருந்ததால் டாக்டரால் காயத்தைக் கழுவ முடியவில்லை. முகேஷ் தோளைப் பிடித்து அழுத்தினான். "ஏலே, ஆட்டாம இருப்பா" என்று மகாதேவியும் அதட்டினாள். பதினான்கு வருஷமாக அவள் நோயாளிகளை அடக்கும் விதம் அதட்டல்தான்.

ரம்யா சுவரை விட்டு வந்தாள். கட்டிலின் தலைமாட்டில் குனிந்து அந்த ஆளின் கையைப் பிடித்தாள். "அண்ணே, என்னையப் பாருங்க. அங்கிட்டுப் பார்க்காதீங்க. ஒத்த மாடா, கூட்டமாண்ணே?"

"ஒ... ஒத்தை."

"எவ்வளவு பெருசு?"

"லாரி கணக்கா இருந்துச்சு தாயி."

"தோட்டத்துல காப்பி மட்டுந்தானா? ஆரஞ்சும் உண்டா?"

அவன் பதில் சொல்ல ஆரம்பித்தான். எத்தனை ஆரஞ்சு மரம், எது பட்டுப்போனது, எது காய்க்கிறது என்று விக்கி விக்கிச் சொன்னான். கால் உதறல் நின்றது. டாக்டர் காயத்தைக் கழுவி, உள்ளே தையல் போட்டு, வெளியே கட்டி முடிக்கிற வரைக்கும் ரம்யா அவன் கையை விடவில்லை.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "மகாதேவி, உன் பொண்ணா இது?" என்றார். "என்ன படிக்கப் போற?"

"பிசிஷியன் அசிஸ்டென்ட் சார்."

"படி. உனக்கு வரும்."

உனக்கு வரும். அந்த இரண்டு சொல்லை அவர் மகாதேவியிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

ரம்யாவுக்கு மதுரையில் இடம் கிடைத்தது. கல்லூரியில் கொண்டுபோய் விட்டு வந்தார்கள். பழனிக்குமார் லாரி நண்பர்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக்கொடுத்தான். மகாதேவியும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் யாராவது விசாரித்தால், "ஏதோ போயிருக்கா, தாக்குப்பிடிப்பாளான்னு தெரியல" என்பாள்.

ரம்யா தாக்குப்பிடித்தாள். போனில் பேசும்போதெல்லாம் பாடத்தைத்தான் பேசுவாள். இன்றைக்கு இதயத்தை வெட்டிக் காட்டினார்கள், இன்றைக்கு ஈ.சி.ஜி. பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள், இன்றைக்கு நோயாளியிடம் என்ன வரிசையில் கேள்வி கேட்பது என்று சொன்னார்கள். மகாதேவி "ம்" கொட்டுவாள். சில நாள், "சாப்பாட்டு நேரம், அப்பறம் பேசு" என்று வைத்துவிடுவாள். வைத்த பிறகு அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருக்கும். பெற்ற மகள். பசி தெரியாமல் வளர்த்த பிள்ளை. ஊரில் எத்தனையோ தாய்மார் பிள்ளை படிக்கவில்லையே என்று அழுகிறார்கள். இவளுக்கு மட்டும் ஏன் இப்படிப் பற்றி எரிகிறது என்று குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசிப்பாள். யாரிடமும் சொல்லக்கூடிய சங்கதியும் இல்லை. அடுத்தவள் மகள் மேல் என்றால் சொல்லலாம்.

இரண்டாம் வருஷ லீவில் ரம்யா வந்திருந்தபோது, பக்கத்து வீட்டு அழகம்மாள் தலை சுற்றுகிறது என்று வந்தாள். மகாதேவி வீட்டில் வைத்திருந்த பி.பி. கருவியை எடுத்து அழகம்மாளின் கையில் கட்டினாள்.

"அம்மா, ஸ்வெட்டர் மேல கட்டக்கூடாது" என்றாள் ரம்யா. "கையும் தொங்கக்கூடாது, நெஞ்சு உயரத்துக்கு வைக்கணும். அஞ்சு நிமிஷம் உக்கார வச்சிட்டு எடுக்கணும். நீ எடுக்கிற அளவு தப்பா வரும்."

அவள் குரலில் திமிர் எதுவும் இல்லை. படித்ததைச் சொன்னாள். மகாதேவி கருவியைக் கழற்றி மகள் மடியில் போட்டாள். "அப்ப நீயே எடு. நான் பதினாறு வருஷமாத் தப்பாத்தான் எடுத்தேன். அதுல எத்தன பேரு செத்தாங்கன்னு விசாரிச்சுக்க."

அழகம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரம்யா கருவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அழகம்மாளின் ஸ்வெட்டர் கையை மெதுவாகச் சுருட்டி, தலையணையை அடியில் வைத்து, மறுபடி எடுத்தாள். அந்தப் பொறுமைதான் மகாதேவிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாலாம் வருஷம் பயிற்சி. பெரிய ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பிரிவாக மாற்றி மாற்றிப் போடுவார்கள். நடுவில் இரண்டு மாதம் சின்ன ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்துவிட்டு வர வேண்டும் என்று ரம்யாவின் கல்லூரியில் ஒரு ஏற்பாடு. முகேஷ் அதற்குள் கோயம்புத்தூருக்குப் போய்விட்டிருந்தான். ரம்யா டாக்டர் செல்வமுருகனிடம் கேட்டாள். "தாராளமா வாம்மா" என்றார் அவர்.

தை மாதம் வந்து சேர்ந்தாள். காலையில் தாயும் மகளும் ஒன்றாகத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் ரம்யா மேசைக்குப் போவாள், மகாதேவி தட்டு கழுவப் போவாள். மற்றவர்கள் எல்லாம் ரம்யாவை மேடம் என்றார்கள். மகாதேவி எப்படியும் கூப்பிடாமல் சமாளித்தாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பக்கத்தில் போய் நின்று இருமுவாள்.

ஒரு புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணி. வெளியே பனிமூட்டம் இறங்கி எதிர்க்கடை தெரியவில்லை. கிளாவரையிலிருந்து ஜீப்பில் ஒரு அம்மாளைக் கொண்டுவந்தார்கள். பெயர் பிச்சையம்மாள், ஐம்பது வயசு இருக்கும். கூட அவள் புருஷன் ராமர். காலையிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. டாக்டர் மாடியில் ஒரு பிரசவத்தில் இருந்தார். ரம்யாதான் பார்த்தாள்.

"எப்பருந்து வாந்தி?"

"பத்து மணிக்கு மேலம்மா" என்றார் ராமர்.

"என்ன சாப்பிட்டாங்க?"

"நேத்து வச்ச கறிக்கொழம்பு."

"காலைல என்ன சோலியா இருந்தாங்க?"

"வீட்டுல பூண்டு ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா."

ரம்யா நாடி பார்த்தாள், பி.பி. எடுத்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள். முறைப்படிதான் செய்தாள். பிச்சையம்மாளின் மேலிருந்து பூண்டு வாசம் வீசியது. பூண்டு ஆய்ந்த கை, வீசத்தானே செய்யும். கெட்டுப்போன குழம்பு என்று முடிவு கட்டி, ட்ரிப் போடவும் வாந்திக்கு ஊசி போடவும் டாக்டரிடம் கேட்கப் போவதாக ஷீட்டில் எழுதத் தொடங்கினாள்.

மகாதேவி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். ஜீப்பிலிருந்து இறக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பூண்டுக் காட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். ஆய்ந்த பூண்டின் வாசம் கையிலும் முந்தானையிலும் இருக்கும். இது மூச்சிலிருந்து வந்தது, ஸ்வெட்டரிலிருந்து வந்தது, அடியில் ஒரு மண்ணெண்ணெய் வாடையும் இருந்தது. செடிக்கு அடிக்கிற மருந்து. அதோடு, ஊரே குளிரில் நடுங்குகிற நேரத்தில் அந்த அம்மாளின் நெற்றி வியர்த்துக் கொட்டியது. கடைவாயில் எச்சில் ஒழுகியது.

சொல்ல வாயெடுத்தாள். மாடிப்படியில் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. வரட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்து பார்க்கட்டும். உனக்கு வரும் என்று சொன்னாரே, வந்த லட்சணத்தை அவரே பார்க்கட்டும்.

செருப்புச் சத்தம் மறுபடி மேலேயே போய்விட்டது. மகாதேவி அப்போதும் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று நிமிஷம் இருக்கும். அதற்கு மேல் இல்லை என்று பிற்பாடு அவள் பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிச்சையம்மாளின் நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்டது. விழி மேலே போனது.

"கண்ணைப் பாரு" என்றாள் மகாதேவி. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ரம்யா, கண்ணைப் பாரு. குளிருல வேர்த்துக் கெடக்கா பாரு. அது பூண்டு இல்லடி, மருந்து."

ரம்யா டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கண்ணின் கருமணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒரு நொடிதான். அதற்குப் பிறகு அவள் ஒரு நொடியையும் வீணாக்கவில்லை.

"சாரைக் கூப்பிடுங்க! அட்ரோபின் எடுங்க! ஐயா, உண்மையச் சொல்லுங்க, காலைல மருந்து அடிச்சீங்களா?"

ராமருக்கு அழுகை வந்துவிட்டது. "பீன்ஸுக்கு அடிச்சோம்மா. இவதான் கையால கலக்குனா. அப்பறந்தான் பூண்டு ஆய உக்காந்தா. அது இவ்வளவு பண்ணும்னு தெரியலயே."

மகாதேவியும் ரம்யாவும் சேர்ந்து சேலையையும் ஸ்வெட்டரையும் வெட்டி எறிந்து, சோப்பும் தண்ணீரும் போட்டு உடம்பைக் கழுவினார்கள். டாக்டர் ஓடிவந்து விஷமுறிவு மருந்தை ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் மூச்சுச் சத்தம் அடங்கியது. நூற்றெட்டு வந்ததும் தேனிக்கு அனுப்பிவைத்தார்கள். ரம்யாவே வண்டி வரைக்கும் கூடப் போய், கொடுத்த மருந்தின் அளவையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தாள்.

"நல்லாப் பிடிச்சம்மா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கையை மீறியிருக்கும்" என்றார் டாக்டர்.

"நான் இல்ல சார். நான் குழம்புன்னு எழுதிட்டேன். அம்மாதான் சொன்னாங்க."

மகளின் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது. டாக்டர் மகாதேவியைப் பார்த்துத் தலையசைத்தார். எத்தனையோ வருஷமாக அவள் காத்திருந்த தலையசைப்புத்தான். அவளால் அங்கே நிற்க முடியவில்லை. துணி காயப்போடுகிற பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

ரம்யா பின்னாலேயே வந்தாள். "அம்மா, உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

பார்த்தபோதுதான் என்று சொல்லியிருக்கலாம். மகள் நம்பியிருப்பாள்.

"இறக்கும்போதே."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீ தப்பா எழுதுறத அவரு பார்க்கட்டும்னு."

"எதுக்கு?"

"உன்னத் திட்டட்டும்னு. எனக்கு உன் மேல பொறாமைடி. நீ சேந்த நாள்லேர்ந்தே. அன்னைக்குக் கண்ணாடிய மறந்துட்டேன்னு கூப்பிட்டதும் பொய்தான். நீ பயந்து ஓடணும்னு கூப்பிட்டேன்."

"அந்தம்மா செத்திருந்தா?"

ரம்யா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை மகாதேவியே டாக்டரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் போனாள். அவர் வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அவங்க பொழச்சதால நீ பொழச்ச" என்றார் கடைசியில். "ரெண்டு மாசத்துக்கு நோயாளி பக்கமே வராத. மருந்து ஸ்டோர்ல இரு. அதுக்கப்பறம் பார்க்கலாம்."

ஸ்டோரில் உட்கார்ந்து பெட்டி பிரித்து அடுக்கினாள். வெளியே ரம்யாவின் குரல் கேட்கும், கேள்வி கேட்கிற அதே நிதானமான குரல். வீட்டிலும் இருவருக்கும் பேச்சு இல்லை. பழனிக்குமார், "என்னடி ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். எட்டாவது நாள் தேனியிலிருந்து பிச்சையம்மாள் திரும்பிவிட்டதாகத் தகவல் வந்தது. அதை ரம்யாதான் ஸ்டோர் வாசலில் நின்று சொன்னாள். "வீட்டுக்குப் போயிட்டாங்களாம்." அவ்வளவுதான் சொன்னாள். மகாதேவி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பயிற்சி முடிந்து ரம்யா மதுரைக்குக் கிளம்புகிற நாள். பஸ் நிலையத்துக்கு மகாதேவிதான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ் வர இன்னும் நேரமிருந்தது. இரண்டு பேரும் அவித்த சோளம் வாங்கிக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அம்மா, ஒண்ணு கேக்குறேன். நான் இந்தப் படிப்புல சேராம பி.காம் படிச்சிருந்தா உனக்கு நிம்மதியா இருந்திருக்குமா?"

மகாதேவி யோசித்தாள். மகளிடம் இனிமேல் பொய் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

"இல்ல. அப்பவும் எரிஞ்சிருக்கும். கெடைச்சத விட்டுட்டாளேன்னு எரிஞ்சிருக்கும்."

ரம்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோளத்தை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததில் புரையேறியது. மகாதேவி அவள் முதுகில் தட்டினாள். "எனக்குக் கோவம் இன்னும் போகல. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள் ரம்யா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா நான் தப்பாப் பார்த்தா உடனே சொல்லணும். எல்லார் முன்னாடி சொன்னாலும் பரவால்ல. கத்திச் சொன்னாலும் பரவால்ல."

"சொல்லுறேன்."

பஸ் வந்தது.

இப்போது ரம்யா படிப்பை முடித்து, திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இதய நோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறாள். மகாதேவியை டாக்டர் மறுபடி வார்டில் சேர்த்துக்கொண்டார், ஊசி மட்டும் இனிமேல் படித்த நர்ஸ்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. ரம்யா போனில் ஏதாவது கேஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முதலில் சுருக்கென்று ஒன்று குத்தத்தான் செய்கிறது. ஆனால் போனை வைத்துவிடுவதில்லை. நாடி எவ்வளவு இருந்தது, கால் வீங்கியிருந்ததா என்று குறுக்கே குறுக்கே கேட்கிறாள். சில சமயம் அரைமணி நேரம் போகிறது.

போன வாரம் அழகம்மாள் மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டே கேட்டாள். "உன் மக டாக்டராயிட்டாளாமே?"

"டாக்டர் இல்லக்கா. அசிஸ்டென்ட்" என்றாள் மகாதேவி, அசிஸ்டென்ட் என்பதை மட்டும் நன்றாக அழுத்தி.

சொல்லிவிட்டுப் படியிறங்கி வரும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. அவ்வளவு அழுத்தியிருக்க வேண்டாம்.